லோகோவோடு நின்றுபோன கைபேசி

ஆண்ட்ராய்டு 14-க்கு மாறியபின் பேட்டரி அரை நாள்கூடத் தாங்கவில்லை என்ற எரிச்சலில், சென்ற வாரம் என் கைபேசியைப் பழையபடி 13-க்கு இறக்க முயன்றேன். கோப்புகள் ஏறி முடிந்ததும் லோகோ தோன்றியது, திரை இருண்டது, மறுபடியும் லோகோ தோன்றியது. 20 நிமிடங்கள் இதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபோது ஃபாஸ்ட்பூட் திரை (கணினி வழியே இயங்குதளத்தை ஏற்ற உதவும் நிலை) வந்ததால், உயிர் இன்னும் போகவில்லை என்பது தெரிந்தது. ஆனால் மடிக்கணினி கைபேசியைக் கண்டுகொள்ளவே இல்லை. கைபேசியோடு கணினி பேச உதவும் டிரைவர் மென்பொருளை இரண்டு முறை நீக்கி நிறுவிய பிறகுதான், கையிலிருந்த கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் வகை என்பது உறைத்தது. (இதற்கே ஒரு மாலைப்பொழுது போயிற்று.)

உண்மையான கோளாறு வேறு. புதிய பதிப்பு எழுதிவைத்த பயனர் தரவை நான் அழிக்காமல் விட்டிருந்தேன். அத்தரவைப் பூட்டியிருக்கும் மறைகுறியாக்கச் சாவிகள் இயங்குதளப் பதிப்போடும் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், பழைய பதிப்பால் அவற்றைப் பயன்படுத்த இயலாது. கைபேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரை மறுபடி பூட்டாமல் விட்டிருந்தது என் நல்லகாலம். பூட்டியிருந்தால் ஃபாஸ்ட்பூட் வழியே இயங்குதளத்தை மறுபடி ஏற்றும் வழியும் அடைபட்டிருக்கும்.

இறுதியில், என் மாடல் எண்ணுக்கே உரிய 14-ஆம் பதிப்பின் முழுக் கோப்பையும் ஏற்றி, பயனர் தரவை அழித்தேன். முதல் முறை திறக்கச் சில நிமிடங்கள் பிடித்தன. படங்கள் போய்விட்டன, தொடர்பு எண்கள் கூகுள் கணக்கிலிருந்து திரும்பின, பேட்டரி மட்டும் இன்றும் அரை நாள்தான்.