அடுப்பின் மீட்டரில் தெரியாத மின்சாரம்

மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புகளைப் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பின் விவரத்தாளில் மின்நுகர்வு கிலோவாட்டிலும், நைட்ரஜன் நுகர்வு மணிக்கு இத்தனை கனமீட்டர் என்றும் தனித்தனி வரிகளில் அச்சாகியிருக்கும். ஒன்றை மின்பிரிவும் மற்றொன்றை வாயுவுக்குப் பொறுப்பானவரும் பார்த்துக்கொள்வதால், இரண்டாவது வரியும் மின்சாரக் கணக்குதான் என்பது பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை.

நைட்ரஜன் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய சால்டர் (பற்றாசு) 183 டிகிரி செல்சியஸில் உருகியது. மின்னணுப் பொருட்களில் ஈயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்ஓஎச்எஸ் விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு பரவலான ஈயமற்ற எஸ்ஏசி305 சால்டர் உருக 217 முதல் 220 டிகிரி வரை வேண்டும். வெப்பம் ஏற ஏற உலோகப் பரப்பு விரைவாக ஆக்சைடாகும். அந்த ஆக்சைடை அகற்றும் ஃப்ளக்ஸின் சுமையும் கூடும். பலகை கடந்துசெல்லும் அடுப்புச் சுரங்கத்தில் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனைக் குறைத்தால் சால்டர் நன்றாகப் படரும்.

இனி கணக்குக்கு வருவோம். காற்றிலிருந்து ஆலையிலேயே நைட்ரஜன் தயாரிக்கும் பிஎஸ்ஏ இயந்திரத்தில், கார்பன் மூலக்கூறு சல்லடை நிரப்பிய இரண்டு கோபுரங்கள் மாறி மாறி வேலை செய்கின்றன. அழுத்தத்தில் ஒன்று ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்போது மற்றொன்று அழுத்தம் இறங்கி, பிடித்ததை வெளியேற்றுகிறது. கேட்கும் தூய்மை உயர உயர, அதே அளவு நைட்ரஜனுக்கு அதிகக் காற்றை அமுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கனமீட்டர் நைட்ரஜனுக்கு ஐந்து கனமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 20 கனமீட்டர் கேட்கும் அடுப்புக்கு 100 கனமீட்டர் காற்று தேவை. ஒரு கனமீட்டர் காற்றை 7 பார் அளவுக்கு அமுக்க ஏறத்தாழ 0.1 முதல் 0.12 கிலோவாட் மணி செலவாகும் என்பதால், கம்ப்ரஸர் மட்டுமே மணிக்கு 10 முதல் 12 யூனிட் எடுக்கும். அதே 20 கனமீட்டர் வாயுவை அடுப்புக்குள் 250 டிகிரிக்குச் சூடாக்க ஒன்றரை யூனிட் போதும். நைட்ரஜனுக்கான மின்செலவின் பெரும்பகுதி அடுப்புக்கு வெளியே, கம்ப்ரஸர் அறையில்தான் நடக்கிறது.

திரவ நைட்ரஜன் வாங்குவோர் இந்தக் கணக்கிலிருந்து தப்பியதாக எண்ண வேண்டியதில்லை. காற்றைக் குளிர்வித்துப் பிரிக்கும் மின்சாரத்தை வேறோர் ஆலை செலவழிக்கிறது, அவ்வளவுதான். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம், உற்பத்தி இல்லாத விடுமுறை நாளிலும் தொட்டியிலிருந்து சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

ஆகவே தூய்மையைக் கூட்டுவதற்கு முன் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே முறை. 99.99 சதவீத நைட்ரஜனில் எஞ்சியிருக்கக்கூடிய ஆக்சிஜன் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு. உச்ச வெப்ப மண்டலத்தில் அளவி 800 காட்டினால், மீதி 700 பிபிஎம் பலகைகள் நுழையும், வெளியேறும் வாய்களின் வழியாக வந்த வெளிக்காற்றே. இந்நிலையில் தூய்மையை 99.999 சதவீதமாக உயர்த்தினால் 800 என்பது சுமார் 710 ஆகும்; கம்ப்ரஸரோ கணிசமாகக் கூடுதலாக உழைக்கும். வாய்களில் உள்ள திரைகளைச் சீராக்கி, புகைபோக்கியின் இழுவிசையைச் சரியாக அமைத்தால் இதைவிட நல்ல பலன் கிடைக்கும். இழுவிசை அதிகமானால் நைட்ரஜன் வெளியேறுவதோடு வெளிக்காற்றும் உள்ளே வரும். மிகக் குறைந்தால் ஃப்ளக்ஸ் ஆவி உள்ளேயே படிந்துவிடும்.

பிபிஎம் குறையக் குறைய நல்லது என்ற எண்ணமும் எனக்கு ஏற்புடையதன்று. பல பலகைகளுக்கு 1000 பிபிஎம் போதுமானது. மிகக் குறைந்த ஆக்சிஜனில் சால்டர் விரைந்து படர்வதால், சிறிய சிப் உறுப்புகள் ஒரு முனையில் இழுக்கப்பட்டு நட்டுக்குத்தாக எழும் குறை கூடக்கூடும். உருகிய சால்டர் அலையின் மேல் பலகையைச் செலுத்தும் அலை சால்டரிங்கின் நிலை வேறு. அங்கே அள்ளி எறியும் டிராஸ் என்னும் கசடில் பெரும்பகுதி ஆக்சைடுக்குள் சிக்கிய நல்ல உலோகம் என்பதால், நைட்ரஜனுக்கான மின்செலவை மிச்சமாகும் சால்டரோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

பலகை வராத நேரத்தில் வாயு ஓட்டத்தைத் தானே குறைக்கும் வசதியுள்ள அடுப்புகளில்கூட, திரும்பவும் பிபிஎம் இறங்கக் காத்திருக்க வேண்டுமே என்று அதை அணைத்துவைப்பவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்பு எத்தனை நிமிடம் என்று ஒருமுறை அளந்துவிட்டு, இடைவேளை அதைவிட நீளமாக இருக்கும்போதெல்லாம் அந்த வசதியைப் பயன்படுத்தலாம்.