போதகரின் அதிகாரம் எதுவரை?

போதனை, திருவிருந்து, ஞானஸ்நானம், ஆத்தும விசாரிப்பு ஆகிய பொறுப்புகள் பெரும்பாலான சபைகளில் போதகருடையவை. நிர்வாக அதிகாரம்தான் முறைக்கு முறை மாறும். பேராயர் ஆட்சியில் போதகரை நியமிப்பதும் மாற்றுவதும் மேலிடம். சபை தெரிந்தெடுத்த மூப்பர்கள் கூடி ஆளும் பிரஸ்பிட்டேரியன் முறையில் அவர் மூப்பர் சங்கத்துக்குத் தலைமை தாங்குவார். தனியாக முடிவெடுக்க மாட்டார். சபையாரே ஆளும் முறையில் கடைசி வார்த்தை அங்கத்தினர் கூட்டத்துக்கு.

பணம் போதகர் கையில் சேரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரணைக்கு, அதாவது விதவைகளுக்கு உணவு பகிர்வதைக் கவனிக்க, 7 பேரைத் தெரிந்தெடுத்தது சபைதானே. ஆராதனை முடிந்ததும் உறவினரல்லாத இருவர் காணிக்கையை எண்ணி, நோட்டு வாரியாக எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பொருளாளர் அந்தத் தாளை வங்கி ரசீதோடு ஒப்பிட வேண்டும். எண்ணியவரே வங்கியில் கட்டி, கணக்கும் எழுதினால் குறைவு வெளியே தெரியாது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்று விதி வைத்துவிட்டு, வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விதி இருந்தும் பயனில்லை. சம்பளம் பேசும்போது போதகரும் அவர் குடும்பத்தாரும் வெளியே இருக்கட்டும்.

போதகர்மேல் புகார் வந்தால் 1 தீமோத்தேயு 5:19ஐக் காட்டி, இரண்டு மூன்று சாட்சிகள் எங்கே என்பார்கள். அடுத்த வசனம், பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதையும் சேர்த்தே வாசியுங்கள். குற்றச் செயல் என்றால் மூப்பர் கூட்டத்துக்குக் காத்திராமல் காவல்துறையிடம் போக வேண்டும்.