காலியாய்க் கிடக்கும் பெஞ்ச்

சாயங்காலம் ஐந்து மணி. பூங்காவில் புது கிரானைட் பெஞ்சுகள் மூன்றும் காலி. பக்கத்தில் புங்கமரத்தடிக் கட்டைச்சுவரில் இடமே இல்லை.

கறுப்புக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டும்வரை விடாது. கை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சுவரிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். இரண்டு உள்ளங்கையையும் விளிம்பில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஒரே மூச்சில்.

அந்த விளிம்புதான் அவருக்குக் கைப்பிடி.

பெஞ்ச் போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். உயரம் 45 செ.மீ. ஒட்டி இருக்கட்டும், ரொம்பத் தாழ்ந்தால் வயதானவர்களால் எழ முடியாது. ஒரு முனையிலாவது கைப்பிடி வேண்டும். கல்லுக்குப் பதில் மரப்பலகை, நடுவே விரல் இடைவெளி, மழைத்தண்ணீர் தேங்காது.

முதுகுக்குப் பின்னால் நடைபாதை வேண்டாம். யாருக்கும் நிம்மதி இருக்காது.

சாயங்கால நிழல் மரத்துக்குக் கிழக்கே விழும். பெஞ்சை அங்கே போடுங்கள்.