பில் இல்லாத வீட்டுக்காரன்

மலேசியாவில் சிலாங்கூர் மாநில அரசின் மலிவு விலை வீட்டுத் திட்டமான ரூமா சிலாங்கூர்கூவில் ஒரு வீட்டுக்கு விண்ணப்பித்து ஏழு மாதம் அலைந்தேன். போன வாரம்தான் வங்கியில் கையெழுத்துப் போட்டு முடித்தேன். இணையத்தில் பதிவதும், ஐசி எனும் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் சேமநிதிக் கணக்கு எல்லாவற்றையும் ஏற்றுவதும் ஒரு ராத்திரி வேலைதான். என் உயிரை வாங்கியது ஒரு மின்சாரப் பில்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, இப்போது செம்பனையும் சாலையோரத்திலிருந்து ஒவ்வொரு பத்தையாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் எழும்பும் தாமான்களின் (புதுக் குடியிருப்புகளின்) விளம்பரப் பலகையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ரூமா சிலாங்கூர்கூ விலைக்கு அரசாங்கமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொழிற்சாலைச் சம்பளமும், வீட்டுக்காரி காலையில் விற்கும் நாசி லெமாக் காசும் சேர்ந்தால் அதுதான் எங்களுக்கு எட்டும்.

சரி, பில்லுக்கு வருவோம். முகவரிக்கு ஆதாரமாக மின்சாரப் பில் அல்லது தண்ணீர் பில் கேட்டார்கள். லயத்தில் மீட்டர் நிர்வாகத்தின் பெயரில் இருக்கிறது. அப்பா காலத்தில் சம்பளத்தில் பிடிப்பார்கள். இப்போது மாதா மாதம் நான் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் காசாகக் கொடுக்கிறேன். அவர் கைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, ‘வீடு 5, லைட் 38’ என்று பென்சிலில் எழுதித் தருவார். அதில் பெயரும் கிடையாது, சாப்பும் (முத்திரையும்) கிடையாது. அப்படிப் பதினோரு துண்டுகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அம்மா ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இனி புகான் பில், அபாங். இனி கெர்த்தாஸ் சாஜா.”

இது பில் இல்லையாம், வெறும் காகிதமாம். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அவர் மேல் எனக்குப் பெரிய கோபமும் இல்லை. ஆனால் முதல் தடவையே என்னென்ன வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு குறை என்று மூன்று தடவை வரவழைத்தார். மூன்றும் சம்பளமில்லாத விடுப்பு.

தோட்ட நிர்வாகத்திடம், ‘இவர் இங்கே குடியிருக்கிறார்’ என்று ஒரு வரிக் கடிதம் கேட்டேன். மேனேஜர் முகத்துக்கு நேராகவே மறுத்துவிட்டார். தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கும் வீடு தரமாக இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. வேலையில் இருக்கும்வரைதான் அது. அம்மா ஓய்வு பெற்றுவிட்டார், நான் வெளியே வேலை செய்கிறேன். நாளைக்கு நிலத்தை விற்கும்போது அந்தக் கடிதத்தைக் காட்டி நாங்கள் நஷ்டஈடு கேட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். காசு வாங்கிக்கொள்வார்கள், குடியிருக்கிறோம் என்று மட்டும் எழுதித் தர மாட்டார்கள்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று நகராண்மைக் கழகத்துக்குப் போய் ஒரு நாளை வீணாக்கினேன். யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். கட்டட வரைபட அனுமதி, கதவு வரி, குப்பை இதெல்லாம்தான் அவர்கள் வேலை. நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது, இந்த வீட்டுத் திட்டமும் அப்படித்தான். லயத்துக்குக் கதவு வரி கட்டுவதும் தோட்டம்தான் என்பதால் அங்கேயும் என் பெயர் எதிலும் இல்லை. நம் ஊர் கவுன்சிலர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்களும் அல்ல. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி மாநில அரசு நியமிப்பவர்கள். ‘நம்மிடம் ஓட்டுக் கேட்டு வராதவர் நமக்கு என்ன செய்யப் போகிறார்’ என்று நினைத்துக்கொண்டேதான் ஒருவரைப் பார்த்தேன். ஆனால் வழி சொன்னது அவர்தான். இந்திய சமூகத் தலைவரிடம் குடியிருப்புக் கடிதம், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் சத்தியப் பிரமாணம், கூடவே அரசாங்கச் சாப்பு உள்ள ஏதாவது ஒரு பழைய தாள்.

அரசாங்கச் சாப்புக்கு எங்கே போவது? வீட்டுக்காரி பெட்டியைக் குடைந்து சின்னவளின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண் எல்லாம் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வந்த தாதி தன் கையாலேயே எழுதியது. கீழே அரசாங்கக் கிளினிக்கின் சாப்பு, தேதியோடு. ஊசி போட்ட பக்கங்களிலும் அதே சாப்பு வரிசையாக.

அந்தப் பொக்கிஷத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் 12.15க்குக் கவுண்டர் மூடினால் 2.45க்குத்தான் திறக்கும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டரை மணி நேரம் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் உட்கார்ந்தேன். ஆனால் திறந்ததும் அதே அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். “இனி போலே.” இது செல்லுமாம். அவ்வளவுதான், வாங்கிக்கொண்டார்.

வங்கியில் வேறொரு அடி. பாதியில் விட்ட டிப்ளமாவுக்கு வாங்கிய பிடிபிடிஎன் எனும் அரசாங்கக் கல்விக் கடனை நான் மறந்தே போயிருந்தேன். வங்கிகள் பார்க்கும் கடன் பதிவான சிக்ரிஸ் மறக்கவில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அந்தப் பதிவில் அவரவர் கணக்கை அவரவர் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம். வீட்டுக்குப் பதிவதற்கு முன்னாலேயே பாருங்கள். நான் பிந்திப் பார்த்ததால், நிலுவையைக் கட்டிப் பதிவு சீராக இரண்டு மாதம் காத்திருந்தேன். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் எஸ்ஜேகேபி உத்தரவாதத்தைக் கேளுங்கள். நிலையான வருமானம் இல்லாதவர்களின் முதல் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் பக்கம் நிற்கும் திட்டம் அது. நாசி லெமாக் வருமானத்தைக் கணக்கில் சேர்த்தது அதனால்தான். வங்கி அதிகாரி தானாகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகுதான் பாரத்தை எடுத்தார்.

இதற்கு நடுவே வீடு ஒதுக்கிய கடிதம் கைநழுவப் பார்த்தது. பதில் கொடுக்க 14 நாள் தவணை. அதை எங்கே அனுப்பியிருந்தார்கள் தெரியுமா? நான் அங்கே குடியிருக்கிறேன் என்று நம்ப மூன்று தடவை மறுத்தார்களே, அதே லயத்து முகவரிக்கு! தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் வாசல் காவல் கொட்டகையோடு நின்றுவிடும். காவலுக்கு இருக்கும் நேப்பாளத் தம்பிக்கு ஐந்தாம் நம்பர் வீடு எது என்று தெரியாது. டீக்கோப்பைக்கு அடியில் கிடந்த உறையை நான் தற்செயலாகப் பார்த்தது பதினொன்றாவது நாள். உறையில் வட்டமாகத் தேநீர்க் கறை.

விண்ணப்பத்தில் கடிதப் போக்குவரத்துக்குத் தனிக் கட்டம் ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் இருப்பவர்கள் அதில் பட்டணத்துக் கடை முகவரியோ, தாமானில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியோ போடுங்கள். எனக்குச் சாவி கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை தினமும் வேலைக்குப் போகும்போது கொட்டகையில் மோட்டாரை நிறுத்தி, “சூராட் அடா?”, கடிதம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். அந்தத் தம்பிக்கு இந்தத் தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு நிச்சயம்.