41 வாய்தா, அதில் என்னுடையது 6

2017-ல் வேளச்சேரியில் ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மீது என் பைக் மோதிவிட்டது. அவருக்கு முழங்கையில் காயம், என் மீது இந்திய தண்டனைச் சட்டம் 279, 337 பிரிவுகளில் வழக்கு. இரண்டுக்கும் அதிகபட்சச் சிறைத்தண்டனை ஆறு மாதம்தான். வழக்கு நடந்தது ஏழரை வருடம்.

நடந்தது என்றா சொன்னேன்? பத்தரை மணிக்கு வராந்தாவில் போய் நிற்பேன். டவாலி பெயரைக் கூப்பிடுவார். சாட்சி வரவில்லை, அரசு வக்கீல் இல்லை, மாஜிஸ்திரேட் மாறிவிட்டார். பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியைச் சொல்வார், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோதுதான் உறைத்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் கோர்ட் அனுமதி கேட்டார்கள். துபாய் வேலை கைநழுவியது.

தெரிந்த வக்கீல் அக்கா ஒருவரிடம் புலம்பினேன். "கேஸைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஹைகோர்ட்ல டைரக்‌ஷன் கேட்கலாம். முதல்ல வாய்தாவை எண்ணிட்டு வாங்க" என்றார். இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) போட்டால் ஒவ்வொரு தேதியும் எதற்காகத் தள்ளிப்போனது என்பது ஓரளவு தெரியும். மீதிக்கு என் பழைய டைரி உதவியது. மொத்தம் 41. நாங்களாகக் கேட்டது 6, அதில் இரண்டு என் கல்யாணத்துக்காக.

"மொத்தமா ரத்து பண்ணச் சொல்லக் கூடாதா அக்கா?" என்று கேட்டேன். விரைவான விசாரணை அரசியலமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று 1979-லேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் விசாரணைக் கைதிகளாகவே பீகார் சிறைகளில் கிடந்தவர்களின் வழக்கு அது. ஆனால் தாமதம் யாரால் வந்தது என்று பார்க்க வேண்டும் என்றது 1992-ன் அந்துலே தீர்ப்பு. இத்தனை வருடம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் வழக்கு தானாக முடிந்துவிடாது என்று 2002-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. எனவே ரத்து கேட்பதைவிட, வழக்கை முடிக்கக் காலக்கெடு கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்றார் அக்கா. எண்ணச் சொன்ன காரணம் அப்போதுதான் புரிந்தது.

2024 செப்டம்பரில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 528-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 482) ஹைகோர்ட்டில் மனு போட்டோம். ஹைகோர்ட் இருக்கும் பாரிமுனைக்கு இரண்டே தடவைதான் போனேன். மூன்று மாதத்தில் முடிக்க உத்தரவு வந்தது. அதன் நகலை மெமோவோடு கீழ்க்கோர்ட்டில் கொடுத்தோம்.

அப்புறம்தான் விஷயமே வெளியே வந்தது. பெரியவர் தாம்பரத்துக்கு வீடு மாறி ஐந்து வருடமாம். சம்மன் பழைய முகவரிக்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் மகனின் போன் நம்பரோ முதல் நாளிலிருந்தே கேஸ் கட்டில் இருந்தது! பெரியவர் கூண்டேறி, "நான்தான் பார்க்காம குறுக்கே வந்தேன்" என்றார். சாட்சியம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடியே கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே தம்பி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. விடுதலைத் தீர்ப்பின் நகலுக்கு மனு போட்டுவிட்டு, அவரைத் தாம்பரம் ரயிலில் ஏற்றிவிட்டேன்.