திங்கட்கிழமைச் சிவப்பு

மகளுக்கு ஏழு மாதம் முடிந்த வாரத்தில் என் மனைவி வேலைக்குத் திரும்பினாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் பகலில் குழந்தை என் பொறுப்பு, துணைக்கு மாமியார். டயப்பர் மாற்றுவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது சரியாக ஒன்பது நாள் நீடித்தது.

பத்தாம் நாள் காலையில் இரவு டயப்பரைப் பிரித்தால், பிட்டம் இரண்டும் சூடு பட்டதுபோல் சிவந்து கிடந்தன. ஈரத்தாளைக் கொண்டுபோனதும் வீடே அதிரும்படி அலறினாள். மாமியார் எட்டிப் பார்த்து, "செவ்வாப்பு மாதிரி இருக்கிறதே மாப்பிள்ளை" என்றார். அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கைக்குழந்தைக்கு அடிப்பக்கம் சிவந்தால் அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். "முதலில் அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றுங்கள். காற்றாடட்டும்."

ரப்பர் ஷீட்டின் மேல் என் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக் குழந்தையை அரை நாள் அப்படியே விட்டோம். வேட்டி நான்கு முறை நனைந்தது. அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு முறை நானும் நனைந்தேன். பிரசவத்தின்போது யாரோ பரிசாகக் கொடுத்த பெட்டியில் ஜிங்க் ஆக்சைடு என்ற வெள்ளைக் களிம்பு ஒன்று பிரிக்காமல் கிடந்தது, அதைத் தடவினோம். மூன்றாம் நாள் சுவடே இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

ஏப்ரலில் சளியோடு காதுவலியும் சேர்ந்துகொண்டது. மருத்துவர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தார். நான்காம் நாளிலிருந்து மலம் நீர்த்துப்போய் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போனாள். அடுத்த நாளே சிவப்பும் வந்துவிட்டது. காற்றாட விட்டோம், வெள்ளைக் களிம்பைத் தடவினோம். இம்முறை அது எதற்கும் அசையவில்லை. ஞாயிறு இரவு வேறு. தெருமுனை மருந்துக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். சீட்டு கேட்கவில்லை. யாருக்கு, எத்தனை வயது என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது.

மறுநாள் காலையில் சிவப்பு பாதியாகிவிட்டது. அந்த ட்யூபைப் பூஜை அறையில் வைக்காததுதான் பாக்கி. மூன்று நாள் தடவினேன், போய்விட்டது, நிறுத்தினேன். நான்கைந்து நாளில் மறுபடி வந்தது. தடவினேன், மறைந்தது. நிறுத்தினேன், வந்தது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தது என்பதை இப்போது யோசித்தால் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் தோலின் தோற்றமே மாறிப்போனது. முதல் முறை பிட்டத்தின் மேடான பகுதிதான் சிவந்திருந்தது. இப்போது தொடையிடுக்குக்குள் ஈரமாகப் பளபளக்கிற கருஞ்சிவப்பு. அதன் விளிம்பு மெல்லியதாக உரிந்திருந்தது. தாய்க்கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் நிற்பதுபோல், சற்றுத் தள்ளித் தள்ளிச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்ததால் எல்லாவற்றுக்கும் வெயிலின் மேல் பழியைப் போட்டு இன்னும் நான்கு நாள் கடத்தினேன். பிறகுதான் குழந்தை மருத்துவரிடம் போனோம்.

அவர் செய்த முதல் காரியம், தொடையை மெல்ல விலக்கி மடிப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தது. அடுத்து வாயைத் திறந்து நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்தார். பின்பக்கத்துச் சிக்கலுக்கு வாயில் எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இந்தச் சிவப்பை உண்டாக்கும் பூஞ்சைதான் வாயிலும் வளரும்" என்றார். வாயில் இல்லை. பிறகு, "இதுவரை என்ன போட்டீர்கள்? கொண்டு வந்திருக்கிறீர்களா?"

கொண்டு போயிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ட்யூபின் பொடி எழுத்துகளைப் படித்தார். அதில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றாவதாக குளோபெட்டசால். அது ஸ்டீராய்டு, அதுவும் தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான வகையைச் சேர்ந்தது. சிவப்பு ஒரே இரவில் அடங்கியது அதனால்தான். வீக்கத்தையும் சிவப்பையும் அது அமுக்கிவிடும். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்தே அமுங்கும், அடியில் பூஞ்சை பரவும். டயப்பர் இறுக்கி மூடிய கட்டுப்போல இருப்பதால் மருந்து வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இறங்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்தத்திலும் கலக்கும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த ட்யூபிலேயே இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தும் நான் அதைப் படிக்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

எழுதிக் கொடுத்தது க்ளோட்ரிமசால் என்ற சாதாரணப் பூஞ்சைக் களிம்புதான். வேறு எதுவும் கலக்காதது. காலையும் இரவும் மெல்லியதாகத் தடவ வேண்டும். அது ஊறிய பிறகு மேலே ஜிங்க் ஆக்சைடைத் தாராளமாகப் பூச வேண்டும். "தோல் தெரியக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் அடியுங்கள்." நான் அதுவரை முகத்துக்கு க்ரீம் போடுவதுபோல் தேய்த்துத் தேய்த்து மறையச் செய்துகொண்டிருந்தேன். அந்த வெள்ளை, மருந்து என்பதைவிட ஒரு வேலி. சிறுநீரும் மலமும் தோலைத் தொடாமல் தடுப்பதுதான் அதற்கு வேலை. அடுத்த முறை துடைக்கும்போதும் அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டாம், அழுக்கான மேல்படலம் மட்டும் போனால் போதும் என்றார். சிவப்பு போன பிறகும் பூஞ்சை மருந்தைச் சில நாள் விடாமல் போடச் சொன்னதை மட்டும் இரண்டு முறை சொன்னார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார் போலும். காய்ச்சல், சீழ், கொப்புளம், ரத்தக் கசிவு எது வந்தாலும் உடனே வர வேண்டும். மூன்று நாளில் சற்றும் குறையாவிட்டாலும் வர வேண்டும்.

ஆறு மாதம்வரை எதுவும் இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்டேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தோலை அவ்வளவாக அரிக்காது. இணை உணவு தொடங்கியதும் அதன் தன்மை மாறுகிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம்வரை இந்தத் தொல்லை அதிகம் வரும் காலம். சிறுநீரையே குற்றவாளி என்று நினைத்திருந்தேன். அது மட்டும் என்றால் தோல் ஓரளவு தாங்கும். மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும்போது தோலின் இயல்பான அமிலத்தன்மை கெடுகிறது; மலத்தோடு வரும் செரிமான நொதிகளுக்கு அப்போதுதான் கை ஓங்குகிறது. சோற்றையும் பருப்பையும் கரைக்க வந்தவை தோலையே கரைக்கப் பார்க்கின்றன. ஆன்டிபயாடிக்கால் வந்த பேதி நொதிகளை அதிகமாகக் கொண்டுவந்தது; பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் அந்த சிரப் கொன்றுவிட்டது. அந்த சிரப்பைக் குறை சொல்லவில்லை, காதுக்கு அது தேவைப்பட்டது. அதைக் கொடுக்கிற நாட்களில் கீழே கூடுதல் கவனம் வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம்.

வீட்டுக்கு வந்து எங்கள் வழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். மணம் போட்ட ஈரத்தாள்களை வெளியூர்ப் பையில் போட்டுவிட்டு, பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துக்கொண்டோம். வெறும் சிறுநீர் என்றால் சோப்பே கிடையாது. கழுவிய பிறகு துடைப்பதில்லை. மல் துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு நிமிடம் விசிறியடியில் காய விட்டுத்தான் அடுத்தது. பவுடர் டப்பாவை எடுத்து உள்ளே வைப்பதற்குத்தான் மாமியாரிடம் பெரும் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. மூன்று பிள்ளைகளைப் பவுடர் போட்டே வளர்த்தவர் அவர். அந்தத் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகலாம், மடிப்புகளில் கட்டிபட்டு உரசும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. டாக்டரம்மா சொன்னார் என்றதும் டப்பா அலமாரிக்குப் போய்விட்டது.

பகலில் துணி, இரவில் டயப்பர் என்று ஆக்கினோம். துணியில் ஒரு கோளாறு இருந்ததைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். சுத்தம் கருதி மாமியார் கடைசி அலசலில் கிருமிநாசினியும் கொஞ்சம் வாசனைத் திரவமும் ஊற்றிக்கொண்டிருந்தார். காய்ந்த துணியை மறுபடி தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், நுரை வந்தது. அந்த நுரை முழுக்க அவள் இடுப்பில் கட்டியிருந்ததுதானே! அதன்பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு அலசல், மொட்டை மாடி வெயிலில் உலர்த்தல், அவ்வளவுதான். பகல் டயப்பர் தவிர்க்க முடியாத நாட்களில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை; மலம் போனால் அந்த நிமிடமே.

ஒரு வாரத்தில் மடிப்பு வெளிறியது. நான் நிறுத்தவில்லை. பத்தாம் நாள் மருத்துவர் பார்த்துவிட்டுப் போதும் என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

ஆனாலும் ஜூனில் இரண்டு முறை வந்தது. மேடான பகுதியில் மட்டும், மடிப்பு சுத்தமாக இருந்தது. ஆகவே பூஞ்சை இல்லை, சிறுநீரும் மலமும் பட்டு வரும் பழைய சிவப்புதான். எங்கே தவறுகிறோம் என்று புரியவில்லை. சமையலறையில் நாள்காட்டி தொங்குகிறது. பால் கணக்கோடு சேர்த்து அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் பால் கணக்குப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது: இரண்டு புள்ளிகளும் திங்கட்கிழமை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என் பெற்றோரைப் பார்க்கக் காரைக்குடிக்கு அப்பால் இருக்கும் எங்கள் கிராமத்துக்குப் போவோம். ஞாயிறு மாலை திருச்சிக்குத் திரும்பும்போது டவுன் பஸ், காத்திருப்பு, பெரிய பஸ், ஆட்டோ என்று எப்படியும் நான்கு மணி நேரம். கசியவில்லையே என்று ஒரே டயப்பரோடு வருவோம். வீட்டுக்கு வரும்போது தூங்கியிருப்பாள். எழுப்ப மனம் வராமல் அதையே விடியும்வரை விட்டுவிடுவோம். கசியாமல் இருப்பதற்கும் தோல் உலர்ந்திருப்பதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு உறிஞ்சினாலும் அழுக்கு அங்கேயேதான் இருக்கிறது. இப்போது கிளம்பும் முன் வெள்ளையடிப்பு. காரைக்குடி பஸ் நிலையத்தில் ஒரு மாற்றல். என் மனைவி துப்பட்டாவை மறைப்பாகப் பிடிக்க, பெஞ்சில் இரண்டு நிமிட வேலை. முதல் முறை கை நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "அப்பனே செய்கிறானே" என்று வேடிக்கை பார்த்தார். வீடு வந்ததும் தூக்கத்திலேயே இன்னொரு மாற்றல். திங்கட்கிழமைப் புள்ளி நின்றுவிட்டது.

ஆகஸ்டில் பேதி வந்தபோது முதல் நாளிலிருந்தே வெள்ளைக் களிம்பைப் பூசிவிட்டோம். மருத்துவர் உப்பு சர்க்கரைக் கரைசலோடு பதினான்கு நாளைக்கு ஜிங்க் சிரப்பும் கொடுத்தார், ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். ஒரே உலோகம் உள்ளேயும் போகிறது, வெளியேயும் பூசப்படுகிறது. இரண்டு நாள் இளஞ்சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கரைசல் பாக்கெட் வாங்கத்தான் பழைய மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் காலியாகிக் கசங்கிப்போன ட்யூப் ஒன்றைக் காட்டி, "இதே ஒன்று கொடுங்கள்" என்றார். எட்டிப் பார்த்தேன். அதேதான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"தம்பி, குழந்தைக்கா?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "இல்லை சார், எனக்குத்தான். அரையில் படர்தாமரை. இதைப் போட்டால் போய்விடுகிறது, நிறுத்தினால் வந்துவிடுகிறது. ஆறு மாதமாக இப்படித்தான்."

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேண்டும் சார்?" என்று சற்று வேகமாகக் கேட்டார்.