சேர் கீறிய மூன்று நிரல்கள்

எங்கள் கல்லூரியில் உயர்தரத்துக்கு அரசறிவியல் எடுத்தவர்களிடம் வெளிநாட்டுக் கொள்கை என்று சொன்னால், கரும்பலகையில் மேலிருந்து கீழாக இழுத்த இரண்டு கோடுகள்தான் முதலில் ஞாபகம் வரும். சேர் நோட்ஸ் சொல்லி எழுதுவிக்கிற ஆள் இல்லை. பலகையை மூன்று நிரலாகப் பிரிப்பார். முதல் நிரலுக்குத் தலைப்பு "நாங்கள் ஆர்?". இரண்டாவதுக்கு "முடிவெடுத்தது ஆர்?". மூன்றாவதுக்கு "கையிலே என்ன இருந்தது?". பாடத்திட்டம் அடையாளம், தலைமைத்துவம், அதிகாரம் என்று சொன்னதை அவர் இப்படிக் கேள்வியாக்கி வைத்திருந்தார். அந்த முறையையும், அதை வைத்து எங்கள் நாட்டின் கதையை எப்படி வாசிக்கலாம் என்பதையும் இந்த மலரில் எழுதி வைக்க வேண்டும் என்று கனகாலமாக எண்ணம்.

செய்முறையில் ஒரு ஒழுங்கு உண்டு. பலகையின் உச்சியில் ஒரே ஒரு முடிவை எழுத வேண்டும்: திகதி, செய்தவர், செய்த காரியம். "இலங்கையின் அணிசேராக் கொள்கை" என்று பொதுவாக எழுதினால் அழித்துவிடுவார். "1957இல் திருகோணமலைத் தளத்தைத் திரும்பப் பெற்றது" என்று எழுதினால் சரி. பிறகு மூன்றாம் நிரலைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். படை எவ்வளவு, அரிசி எங்கிருந்து வருகிறது, அந்நியச் செலாவணி என்ன நிலை, பக்கத்து நாடு எவ்வளவு பெரிது. எவை முடியாத காரியம் என்பதை அது சொல்லிவிடும். மிச்சமிருந்த வழிகளில் ஒன்றை ஏன் விரும்பினார்கள் என்பதற்கு முதல் நிரல். கடைசியாகத்தான் தலைவர். அந்த நிரலுக்கு மட்டும் ஒரு சோதனை இருந்தது. தலைவரின் பெயரை அழித்து, அவருக்கு முன்னிருந்தவரின் பெயரையோ எதிர்க்கட்சித் தலைவரின் பெயரையோ அந்த இடத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். முடிவு அப்படியே நிற்குமென்றால் அதை இரண்டாம் நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பிள்ளைகள் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். தலைவரின் பெயர்தான் முதலில் வாயில் வரும். பரீட்சை விடைத்தாள்கள் மட்டுமல்ல, பத்திரிகைத் தலையங்கங்களும் அப்படித்தான். மேடைப் பேச்சைப் படித்துவிட்டு அதுதான் கொள்கை என்று எழுதுவது அதற்கு அடுத்த பிழை.

1952ஆம் ஆண்டின் றப்பர்-அரிசி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி, கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த கட்சி. பிரதமர் டட்லி சேனநாயக்கா. அவருடைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் போய், வருடம் 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்க ஐந்து வருட ஒப்பந்தம் செய்தார். பேச்சுகளை மட்டும் படித்தவருக்கு இது புரியவே புரியாது. மூன்றாம் நிரலில் விளக்கம் இருக்கிறது. கொரிய யுத்தத்தால் ஏறிய றப்பர் விலை விழுந்துவிட்டது. அரிசி தட்டுப்பாடு, விலையோ ஏற்றம். சீனா றப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடக் கொடுக்க ஆயத்தமாக இருந்தது. 1951இல் ஐ. நா. சீனாவுக்குப் போர்த்தேவைப் பொருள்கள் விற்பதைத் தடுக்கத் தீர்மானம் எடுத்திருந்தது. ஆனால் 1955 டிசம்பர் வரை இலங்கை ஐ. நா.வில் உறுப்பு நாடு அல்ல. ஆக, கை கட்டப்படவில்லை. அமெரிக்க உதவி போனது உண்மை. அதை விட அரிசி பெரிதாக இருந்தது. எவ்வளவு பெரிது என்பதற்கு அடுத்த வருடமே சாட்சி: கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானதும் 1953 ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

இந்த ஒப்பந்தத்தில் பெயர் மாற்றும் சோதனையைச் செய்தால் விடை உடனே கிடைக்கும். பின்னால் வந்த பண்டாரநாயக்கா, சிறிமாவோ, மீண்டும் டட்லி, கடைசியில் ஜே. ஆர். ஜயவர்த்தனா வரை எல்லோரும் அதைப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். சீனாவோடு தூதரக உறவு 1957இல்தான் தொடங்கியது. தூதரகமே இல்லாமல் வியாபாரம் மட்டும் நடந்த வருடங்கள் அதற்கு முன்னால் கழிந்தன.

பிரித்தானியப் படைத்தளங்களின் கதை வேறு. 1947 நவம்பரில் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா பிரித்தானியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தபோது இலங்கைக்குச் சொந்தமாகப் படை கிடையாது. இராணுவம் 1949இல், கடற்படை 1950இல்தான். வடக்கே இந்தியா. அந்தப் பயத்துக்குத் திருகோணமலையில் பிரித்தானியக் கப்பல் நிற்பது மருந்தாகப் பட்டது. 1956இல் பண்டாரநாயக்கா பிரதமராக வந்தபோது மூன்றாம் நிரலில் பெரிய மாற்றமில்லை. மாறியது முதல் நிரல். சிங்களம், பௌத்தம், கிராமம் என்று தன்னை எண்ணிய ஒரு வாக்காளர் கூட்டத்தின் தோளில் அவர் வந்தார். அந்தக் கூட்டத்துக்கு அந்நியக் கொடி பறக்கும் துறைமுகம் அவமானம். ஆனால் அவர் ஒப்பந்தத்தைக் கிழித்தெறியவில்லை. இலண்டனோடு பேசி, 1957 ஒக்டோபரில் திருகோணமலையையும் நவம்பரில் கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் பெற்றார். என்ன செய்ய வேண்டும் என்பதை அடையாளம் சொன்னது, எப்படிச் செய்வது என்பதைத் தலைவர் முடிவு செய்தார். அதே அடையாள அலைதான் 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் கொண்டு வந்தது என்பதை எங்கள் வகுப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நுணுக்கம். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் யாப்பு பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் பிரதமரின் கையிலேயே கொடுத்திருந்தது. 1977இல் ஏ. சி. எஸ். ஹமீது நியமிக்கப்படும் வரை தனியான வெளிநாட்டமைச்சர் இல்லை. அதனால் இலங்கையில் இரண்டாம் நிரலுக்குச் சாதாரணத்தை விடக் கனம் கூட. பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல 1955இல் ஆசிய-ஆபிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டில் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் குடியேற்றவாதம் பற்றிப் பேசி நேருவை எரிச்சலூட்டியதும், 1982இல் போக்லாந்துத் தீவுகள் பற்றிப் பிரித்தானியா ஆர்ஜென்டினாவோடு பேச வேண்டும் என்ற ஐ. நா. தீர்மானத்தில் பிரித்தானியாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்த 12 நாடுகளில் ஜே. ஆரின் இலங்கை ஒன்றாக நின்றதும் இப்படி வந்தவை. விக்டோரியா அணைக்கட்டுக்குப் பிரித்தானியா பெருந்தொகை கொடுத்த காலம் அது என்பதையும் மூன்றாம் நிரலில் குறிக்கத்தான் வேண்டும். ஆனாலும் அணிசேரா நாடுகளின் தலைமையை 1976இல் கொழும்பில் வைத்து ஏற்ற ஒரு நாடு, ஆறு வருடத்தில் அப்படி வாக்களித்ததற்குத் தலைவரை விட்டால் விளக்கமில்லை.

இனி 1964. மூன்று நிரலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை இதைப்போல் காட்டுகிற உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. சட்டம் உள்நாட்டுச் சட்டம். "நாங்கள் ஆர்?" என்ற கேள்விக்குப் பாராளுமன்றம் சொன்ன பதில். ஆனால் அடுத்த நாளே அது வெளிநாட்டுக் கொள்கையாகிவிட்டது, ஏனென்றால் அந்த மக்களை இந்தியா ஏற்க வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. நேரு அசையவில்லை. இலங்கையில் பிறந்து வளர்ந்து உழைத்தவர்கள் இலங்கையின் பொறுப்பு, இந்தியக் குடியுரிமை கேட்காதவர்மேல் அதைத் திணிக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 1954இல் கொத்தலாவலவோடு செய்த உடன்பாடும் இந்த இடத்தில்தான் முறிந்தது.

1964 மேயில் நேரு காலமானார். ஒக்டோபர் 30இல் புதிய இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையொப்பமிட்டார்கள். கணக்கு 975,000 பேருக்கு. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பது. ஏழு பேர் அங்கே, நான்கு பேர் இங்கே என்ற விகிதம். நிறைவேற்றப் பதினைந்து வருடம். மிச்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75,000, 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

இந்தியா ஏன் மாறியது? 1962இல் சீனாவிடம் வாங்கிய அடிக்குப் பிறகு டில்லிக்கு அயலில் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். அந்தப் போரில் சமரசம் பேச ஆறு நாடுகளை 1962 டிசம்பரில் கொழும்பில் கூட்டியவரே சிறிமாவோதான். கொழும்பு எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. றப்பர் வாங்கும் சீனாவைப் பகைக்க அதற்கு இயலாது. கொழும்பைத் தன் பக்கம் வைத்திருக்க டில்லி ஒரு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை மலையகத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மக்கள். இதை மூன்றாம் நிரலில் எழுதலாம். ஆனால் நேரு இருந்திருந்தால்? பெயர் மாற்றும் சோதனை இங்கே வேலை செய்கிறது: பதினாறு வருடம் அசையாத நிலைப்பாடு, ஆள் மாறி ஐந்து மாதத்தில் மாறியது. ஆகவே இரண்டாம் நிரலும் உண்மை. இலங்கைப் பக்கத்திலோ பெயரை மாற்றினாலும் ஒன்றும் மாறாது. டி. எஸ். தொடங்கினார், கொத்தலாவல தொடர்ந்தார், சிறிமாவோ முடித்தார். இரு கட்சிகளும் ஒரே பதில் சொன்ன கேள்வி அது.

அந்த மேசையில் மலையக மக்களின் பிரதிநிதி எவரும் இருக்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் மிகப் பலர் இந்தியாவை முதல் தடவையாகக் கண்டவர்கள். எஞ்சியோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. முதல் நிரல் உணர்ச்சிக் கதை, பாதுகாப்புக் கணக்குத்தான் உண்மையான அரசியல் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருதரம் படிக்க வேண்டும். "நாங்கள்" என்ற வட்டத்துக்குள் இருப்பவருக்காக அரசு பேரம் பேசுகிறது. வெளியே நிற்பவரை வைத்துப் பேரம் பேசுகிறது. 1974இல் கச்சதீவும் அப்படித்தான். இரு நாட்டுக்கும் இடையில் கிடந்த 285 ஏக்கர் தீவு இலங்கைக்கு என்று டில்லியும் கொழும்பும் பேசி முடித்தன. இரண்டு கரையிலும் வலை வீசிய தமிழ் மீனவரிடம் யாரும் கேட்கவில்லை. 1976இல் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதை நிறுத்தின. அந்தச் சச்சரவு இன்றும் ஓயவில்லை.

1987ஐ எங்கள் தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் நிரலில் இட்டுப் பார்ப்பது நல்லது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஜே. ஆர். மேற்கு நாடுகளிடம் படை உதவி தேடினார். அரசுகள் தயங்கின. கிடைத்தவை இஸ்ரேலியப் பயிற்சியாளர்கள், பிரித்தானியத் தனியார் கூலிப்படையினர், பாகிஸ்தானின் உதவி. ஒவ்வொன்றும் டில்லியின் பார்வையில் ஒரு முள். தமிழ்நாட்டு மக்களின் கொந்தளிப்பு டில்லிக்கு முதல் நிரல், திருகோணமலைத் துறைமுகம் மூன்றாம் நிரல். இரண்டும் ஒரே திசையில் தள்ளின. 1987 ஜூன் 3இல் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாள் மிராஜ் விமானங்கள் காவல்வர, அன்டனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. கொழும்பின் உதவிக்கு எந்த வல்லரசும் வரவில்லை. மேற்கோடு நெருங்கினால் மேற்கு வந்து நிற்கும் என்று எண்ணியது ஜே. ஆரின் கணக்குப் பிழை. நாடு எங்கே இருக்கிறது என்பதும் மூன்றாம் நிரலில் எழுத வேண்டிய ஒன்றுதான்.

அடுத்து வந்த ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கையைப் படிக்கிறவர்கள் அதோடு பரிமாறிய கடிதங்களையும் படிக்க வேண்டும். தமிழர் பிரச்சினை உடன்படிக்கையில். டில்லியின் கவலைகள் கடிதங்களில்: அந்நியப் படை, உளவு ஆட்களின் இருப்பு, இந்திய நலனுக்குப் பாதகமாகத் துறைமுகங்களைப் பிறர் படைத்தேவைக்குக் கொடாமை, அந்நிய வானொலி நிலையங்கள், திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் கூட்டாக நடத்துதல். கையொப்பமிட்டவை இரண்டு அரசுகள். தமிழர் தரப்பின் கையொப்பம் அதில் இல்லை.

புலம்பெயர்ந்த பிறகு இந்த நிரல்கள் எங்களையே உள்ளே எடுத்துக்கொண்டன. 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாடு நல்ல பயிற்சிக் கேள்வி. கனடியப் பிரதமர் ஹார்ப்பர் வரவில்லை. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வரவில்லை, வெளிநாட்டமைச்சரை அனுப்பினார். பிரித்தானியப் பிரதமர் கமரன் வந்தார், ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் போனார். மூன்று நாட்டிலும் தமிழ் வாக்காளர் உண்டு, போகக்கூடாது என்ற அழுத்தமும் உண்டு. கனடாவுக்கு இலங்கையில் இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, அதனால் முழுதாகப் புறக்கணிக்க முடிந்தது. இந்தியாவுக்குத் தமிழ்நாடும் வேண்டும், கொழும்பைச் சீனாவிடம் விட்டுவிடவும் முடியாது, ஆகவே பாதி. பொதுநலவாயத்தின் தலைமையகம் இலண்டனில், வராமல் விடுவது பிரித்தானியாவுக்கு எளிதல்ல. வந்துவிட்டு வடக்கே போவது கமரனின் சொந்தத் தெரிவு. இங்குள்ள சங்கங்கள் ஓர் அரசிடம் கோரிக்கை கொண்டுபோகும்போது, அந்த அரசின் மூன்றாம் நிரலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போவதை நான் பலதரம் கண்டிருக்கிறேன். எத்தனை வாக்கு எங்களிடம் என்று மட்டும் சொல்கிறோம். அந்த நாட்டுக்கு அதனால் என்ன செலவு என்பதற்கு எங்களிடம் பதில் இருப்பதில்லை. கதவு திறக்கிறது, காரியம் நடப்பதில்லை.

வகுப்பில் முடிவடையாமல் நின்ற உதாரணம் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள். 1987 கடிதத்தில் சொன்ன கூட்டு முயற்சி வருடக்கணக்காக இழுபட்டது. தேசிய சொத்தை இந்தியாவுக்குக் கொடுக்கிறார்கள் என்ற முதல் நிரல் எதிர்ப்பு ஒவ்வொரு அரசையும் பின்வாங்க வைத்தது. 2022 ஜனவரியில் உடன்பாடு கையொப்பமானது. ராஜபக்ஷக்களின் அரசு, சிங்கள தேசியத்தின் பெயரால் வென்ற அரசு. அப்போது டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்தில், ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்தியது. அந்த வருடம் இந்தியா தந்த உதவி ஏறத்தாழ 400 கோடி டொலர். 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், இந்தியப் பக்கத்துக்கு 49 வீதம். அந்த 51ஐ முதல் நிரலில் எழுத வேண்டும், உடன்பாடு கையொப்பமான மாதத்தை மூன்றாம் நிரலில்.